தங்கவயல் புழுதியில் ஒரு சின்னக் கேமரா

நண்பகல் வெயிலில் கோலார் தங்கவயலின் சயனைடு மேட்டின் மேல் நின்றால் கண் கூசும். பழுப்பும் வெள்ளையும் கலந்த மண் குன்றுகள். மழை வழிந்து வழிந்து அவற்றின் பக்கவாட்டில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. புல் கூட அரிதாகத்தான் முளைக்கிறது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை வருஷக்கணக்காகக் கொட்டியதில் எழுந்த மலைகள் இவை. சினிமாக்காரர்கள் இங்கே வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2018-ல் வெளியான 'கே.ஜி.எஃப்.' கன்னடப் படத்தின் காட்சிகள் இந்தப் புழுதியில்தான் எடுக்கப்பட்டன. அந்தப் படம் நாடு முழுக்க ஓடியதும், பெயரைக் கூடக் கேள்விப்படாதவர்கள் எல்லாம் கேமராவும் கையுமாக மேட்டில் ஏற ஆரம்பித்தார்கள்.

ஆனால் மேடுகளுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றே தோன்றுகிறது. அந்தக் கழிவு மண்ணில் இன்னும் கொஞ்சம் தங்கம் ஒட்டியிருக்கிறது. 13 மேடுகளை ஏலம் விட்டு மறுபடி அரைத்துத் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் தந்தது. பரப்பு சுமார் ஆயிரம் ஏக்கர். மண் சுமார் 3.3 கோடி டன். வேலை எப்போது தொடங்கினாலும் சரி, முடியும்போது இன்றைய தோற்றம் இருக்காது. படம் எடுக்க நினைப்பவர்கள் இப்போதே எடுத்தாக வேண்டும். எதைக் கொண்டு எடுப்பது?

பணக்காரக் கேமரா பற்றிய கேள்வி அல்ல இது. சுரங்கம் மூடியபின் தினமும் பெங்களூருக்கு ரயிலேறிப் போய் வந்து குடும்பம் நடத்தும் ஊர் தங்கவயல். இங்கே ஒரு இளைஞன் கேமரா வாங்குகிறான் என்றால், ஞாயிற்றுக்கிழமை மேட்டைப் படம் பிடிக்க மட்டுமல்ல, கல்யாணம், காதுகுத்து, சர்ச் விழா என்று நாலு காசு பார்க்கவும்தான். அரை லட்சம் ரூபாய்க்குள் அடங்கிய சின்ன டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்கள் இந்த ரகத்துக்காரர்களுக்கென்றே பிறந்தவை. நிகான் டி3500, கேனன் 1500டி, கேனன் 200டி, அதன் தம்பி 200டி மார்க் 2. பத்து வருஷம் முன்னால் இவற்றின் அண்ணன்களை வாங்கியவர்களும் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையான காலக் கணக்கு இருக்கிறது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கையில் எடுத்த சுரங்கம், சுமார் 800 டன் தங்கம் கொடுத்துவிட்டு, பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கையில் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. ஆயிரம் டாலருக்குள் கிடைத்த முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேனன் 300டி. அது கடைக்கு வந்தது 2003-ல். ஆக, சுரங்கம் ஓடிய ஒரு நாளைக்கூட மலிவு விலை டிஜிட்டல் கேமரா பார்க்கவில்லை. தலையில் விளக்குடன் ஷிஃப்டுக்கு இறங்கிய அப்பாவை எந்தப் பிள்ளையும் இந்தக் கேமராவில் பிடித்திருக்க முடியாது. பிடிக்கக் கிடைப்பதெல்லாம் துருப்பிடித்த இரும்புக் கோபுரமும், பூட்டிய வாசலும், லைன் வீடுகளும், அவற்றில் வாழும் மனிதர்களும்தான்.

கேமராவே எட்டாத ஊர் என்று சொல்லிவிடவும் முடியாது. காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து 1902-லேயே மின்சாரம் வந்த ஊர் இது. பெங்களூருக்கே அது மூன்று வருஷம் கழித்துத்தான் போனது. 1965-ல் இதே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் நியூட்ரினோ துகளின் தடயத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். நியான் குழாய்களில் ஒரு நொடி பளிச்சிட்டு மறையும் கோட்டைப் பதிவு செய்ய அவர்களுக்கு உதவியதும் புகைப்படம்தான். தங்கவயலின் மிக ஆழமான போட்டோ அதுவாகத்தான் இருக்கும்.

சரி, மேட்டுக்கு வருவோம். சின்ன எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் முதலில் சொல்லும் நல்ல வார்த்தை வ்யூஃபைண்டரைப் பற்றியது. வெள்ளை மண்ணில் வெயில் அடிக்கும்போது செல்போன் திரையில் தன் முகம்தான் தெரியும். கண்ணை வைத்துப் பார்க்கும் கேமராவில் அந்தத் தொல்லை இல்லை. அந்த ஜன்னல் சிறியது, கொஞ்சம் மங்கல், ஓரத்தில் ஐந்து சதவீதம் காட்டாது என்ற குறைகள் உண்மைதான். படத்தில் வேண்டாத தந்திக் கம்பம் வந்து நிற்பது அந்த ஐந்து சதவீதத்தில்தான்.

இரண்டாவது, எடை. 2013-ல் வந்த கேனன் 100டி 407 கிராம். அந்த அளவு சென்சார் உள்ள எஸ்.எல்.ஆர். கேமராக்களில் அன்றைக்கு உலகிலேயே சிறியது. நிகான் டி3500 பேட்டரியோடு 415 கிராம். கேனன் 200டி மார்க் 2 449 கிராம். காகிதத்தில் இது சாதாரண எண். ஆனால் மாரிகுப்பத்தில் விடியுமுன் ரயிலேறி, நின்றுகொண்டே பெங்களூரு போய், இரவில் திரும்புகிறவரின் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் கேமரா இருக்குமா, வீட்டு அலமாரியிலேயே தூங்குமா என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது. பெரிய கேமரா வாங்கியவர்களில் பலர் அதை விசேஷத்துக்கு மட்டும் வெளியே எடுப்பதற்குக் காரணம் வேறொன்றுமில்லை.

டி3500-ஐ வைத்திருப்பவர்கள் பேட்டரியைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். ஒருமுறை சார்ஜ் செய்தால் 1,550 படம் என்பது கம்பெனிக் கணக்கு. விடியற்காலை முகூர்த்தத்தில் ஆரம்பித்துப் பந்தி முடியும் வரை ஒரே பேட்டரியில் ஓட்டலாம். கேனன் 1500டி-யில் அதே கணக்கு வெறும் 500. இரண்டாவது பேட்டரி வாங்காமல் கல்யாணத்துக்குப் போனால் தாலி கட்டும் நேரத்தில் தவிக்க வேண்டியதுதான்.

புகழ்ச்சி அவ்வளவுதான். குறைகளில்தான் விஷயம் இருக்கிறது.

தங்கவயலில் முதல் எதிரி புழுதி. மாவு போல அரைத்த மண். கோடைக் காற்றில் காலனிகளுக்குள்ளேயே புகுந்து சுவரில் படிகிறது, மூச்சில் ஏறுகிறது. மேட்டின் மேல் நின்று லென்ஸைக் கழற்றி மாட்டினால், கேமராவின் வயிற்றுக்குள்ளும் போகிறது. சென்சார் மேல் ஒரு துகள் உட்கார்ந்தால் வானத்தில் கரும்புள்ளியாக எல்லாப் படத்திலும் வரும். லென்ஸ் வாயைச் சிறிதாக்கி, அதாவது எஃப் 16 போல வைத்து எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். விலை உயர்ந்த மாடல்களில் சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதறும் ஏற்பாடு உண்டு. கேனன் 200டி-யிலும் இருக்கிறது. டி3500-லும் 1500டி-யிலும் இல்லை. செலவைக் குறைக்க எடுத்துவிட்டார்கள். ஏ.சி. ஸ்டூடியோவில் வேலை செய்பவருக்கு இது பெரிய நஷ்டமில்லை. தங்கவயல்காரருக்கு நஷ்டம்தான். அனுபவப்பட்டவர்கள் செய்வது எளிய காரியம்: வீட்டிலேயே ஒரு லென்ஸைப் பொருத்தி, மேட்டில் என்ன ஆனாலும் கழற்றுவதில்லை. திரும்பியதும் ரப்பர் ஊதியால் ஊதுகிறார்கள். வாயால் ஊதினால் எச்சில் பட்டுச் செலவு இரட்டிப்பாகும்.

இரண்டாவது எதிரி, அதே மண்ணின் நிறம். எந்தக் கேமராவும் தன் முன்னால் இருப்பதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டுதான் வெளிச்சத்தை அளக்கிறது. வெண்மண் மேட்டைக் காட்டினால் 'இவ்வளவு வெளிச்சம் கூடாது' என்று தானாகவே குறைத்துவிடும். விளைவு, பளிச்சென்றிருந்த மேடு அழுக்குச் சாம்பல் குவியலாக வரும். அதன் முன்னால் நிற்பவரின் முகமோ அடுப்புக்கரி. ஒரு ஸ்டாப் வரை கூட்டி வைத்தால் சரியாகும். இந்தச் சின்னக் கேமராக்களில் சக்கரம் ஒன்றுதான். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். இரண்டு சக்கரம் உள்ள கேமராவில் பழகியவர்கள் எரிச்சல்படுவார்கள். முதல் கேமராவே இதுதான் என்பவர்களுக்கு ஒரு வாரத்தில் விரல் பழகிவிடும்.

மேட்டைவிடக் கஷ்டம் வீட்டுக்குள். பிரிட்டிஷ் காலத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளின் அறைகள் சிறியவை. ஜன்னல் வெளிச்சம் போதாது. சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தாவை அவர் கட்டிலிலேயே உட்கார வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் அகலமாகக் காட்டும். ஆனால் வெளிச்சத்தை உறிஞ்சும் சக்தி குறைவு. எல்லோரும் சிபாரிசு செய்யும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கினால் வெளிச்சப் பிரச்னை தீரும், இடப் பிரச்னை வரும். இந்தக் கேமராக்களின் சிறிய சென்சாரில் 50 என்பது 75 அல்லது 80 போல வேலை செய்யும். முதுகு சுவரில் முட்டிய பிறகும் தாத்தாவின் முகமும் தோளும்தான் தெரியும். நிகானில் 35 மி.மீ. எஃப் 1.8, கேனனில் தோசைக்கல் போல் தட்டையான 24 மி.மீ. லென்ஸ், இவைதான் லைன் வீட்டுக்கு ஏற்றவை. முதலில் 50 வாங்கிவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறவர்கள் கணிசம்.

நிகான்காரர்களுக்கு இன்னொரு மனக்குறை பரம்பரையாக வருகிறது. 2006-ன் டி40-லிருந்து டி3500 வரை, இந்தச் சின்ன உடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருந்தால்தான் ஆட்டோ ஃபோகஸ். பிலிம் காலத்து 50 மி.மீ. 'டி' லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்தால் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டும். ஓடிப் பிடித்து விளையாடும் குழந்தை அதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடும். கேனனின் இ.எஃப். லென்ஸ்கள் எல்லாவற்றிலும் மோட்டார் உள்ளேயே இருப்பதால் அவர்களுக்கு இந்த வலி தெரியாது.

பணம் சம்பாதிக்க வாங்கியவர்களை உண்மையில் உதைப்பது வீடியோ. இப்போது கல்யாண வீட்டார் ஆல்பத்தோடு இரண்டு நிமிஷத் துண்டுப் படமும் கேட்கிறார்கள். டி3500-ல் வெளி மைக் சொருக இடமே இல்லை. திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் தடுமாறும். 1500டி-யிலும் மைக் துளை கிடையாது. 200டி வரிசையில் மைக் துளை உண்டு, திரும்பும் திரை உண்டு, முகத்தை விடாமல் பிடிக்கும் ஃபோகஸும் உண்டு. மார்க் 2-ல் 4கே இருக்கிறது என்று விளம்பரம் சொன்னது. அந்த 4கே-யில் மட்டும் அதே ஃபோகஸ் வேலை செய்யாது என்பது வாங்கியபின் தெரிந்தது. போட்டோ மட்டும் என்றால் நிகான், வீடியோவும் வேண்டுமென்றால் 200டி என்பதுதான் நியாயமான தீர்ப்பு. 1500டி விலைக்காக மட்டும் வாங்கப்படுவது.

இப்போது யாரும் இவற்றைப் புதிதாகத் தேடி அலைய வேண்டியதில்லை. டி3500-ஐ நிகான் நிறுத்திவிட்டது. கம்பெனிகளின் கவனமெல்லாம் கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கேமராக்கள் மேல். 2023-ல் வந்த கேனன் ஆர்50, 200டி-யைவிட இலேசு, ஃபோகஸில் பல படி மேல். ஆனால் அதன் பேட்டரி டி3500 எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. லென்ஸ் வாங்கப்போனால் விலை மலைக்க வைக்கும். பழைய கேனன் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் ஆர்50-ல் முழுசாக வேலை செய்யும் என்பது ஒரு ஆறுதல். இன்று 200டி வாங்கி லென்ஸ் சேர்ப்பவருக்கு அந்தக் காசு வீணாகாது.

இந்த மாற்றத்தால் லாபம் யாருக்கு என்றால், செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவருக்கு. பெங்களூரில் வசதியானவர்கள் மிரர்லெஸுக்கு மாறும்போது விற்கும் கேமராக்கள் தங்கவயல் போன்ற ஊர்களுக்குப் பாதி விலையில் வந்து சேர்கின்றன. ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். இந்த ரகத்தில் ஒரு லட்சம் தடவை என்பது பொதுவான ஆயுள் கணக்கு. நாலைந்து கல்யாண சீசன் பார்த்த கேமரா அதைத் தொட்டிருக்கலாம். நிகானில் கடைசியாக எடுத்த படத்தின் ஃபைலிலேயே இந்த எண் ஒளிந்திருக்கும், கம்ப்யூட்டரில் பார்க்கலாம். கேனனின் சின்ன மாடல்களில் அப்படித் தெரியாது; தனி சாஃப்ட்வேர் வேண்டும், இல்லையேல் விற்பவரின் வார்த்தையை நம்ப வேண்டும். எஃப் 16-ல் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது இன்னொரு சோதனை. புள்ளிகள் தெரிந்தால் சுத்தம் செய்யும் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம்.

வாங்கியவர்கள் எங்கே போய் எடுப்பது என்பதில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். கைவிடப்பட்ட சுரங்க வாய்களும் இயந்திரக் கூடங்களும் நிறுவனத்தின் சொத்து. அனுமதியில்லாமல் வேலி தாண்டக் கூடாது. தாண்டத் தேவையுமில்லை. இரும்புக் கோபுரங்கள் சாலையிலிருந்தே தெரிகின்றன. மேடுகளோ ஊருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் நிற்கின்றன. மாலை ஐந்து மணிக்கு மேல் வெயில் சாயும்போது, பக்கவாட்டு வரிகளில் நிழல் இறங்கி ஒவ்வொரு பள்ளமும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்த அரை மணி நேரத்துக்கு 18-55 லென்ஸே போதும். வேலை முடிந்து வருகிறவர்களின் ரயில் அதற்குள் மாரிகுப்பம் வந்து சேருவதில்லை என்பதால், மேட்டைப் படமெடுக்கத் தங்கவயல்காரருக்கு வாரத்தில் ஒரே ஒரு மாலைதான் கிடைக்கிறது.