ஆன்லைன் விற்பனை: கமிஷனுக்கு முன் நம் நிலையைப் பார்ப்போம்



கடைச் சரக்கை இணையதளச் சந்தைகளில் விற்கலாமா என்று உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். எல்லோரும் முதலில் விசாரிப்பது கமிஷன் எத்தனை சதவீதம் என்பதைத்தான். அதற்கு முன், சட்டப்படி நாம் எந்த வகை விற்பனையாளர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கமிஷன் ஒன்றாக இருந்தாலும், வகைக்குத் தக்கபடி கைச்செலவு மாறும்.

தனிநபரா, வியாபாரியா?

வீட்டிலுள்ள பழைய சைக்கிளை ஒருவர் விற்றால் அது சொந்த விற்பனை. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் அதற்குப் பொருந்தாது. தொடர்ச்சியாக வாங்கி விற்பது வியாபாரம். மகன் பெயரில் கணக்குத் தொடங்கினாலும் அது வியாபாரமே. பொறுப்பு மகன் தலையில் விழும், அவ்வளவுதான். அந்த விதிகளின்படி, வாடிக்கையாளர் புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும்.

வியாபாரியில் மூன்று வகை

2023 அக்டோபர் 1க்கு முன், ஆன்லைனில் சரக்கு விற்க, விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். அன்று முதல் இது தளர்த்தப்பட்டது.

1. பதிவு இல்லாதவர்: விற்றுமுதல் பதிவு வரம்புக்குள் இருந்தால், பான் எண்ணையும் முகவரியையும் ஜி.எஸ்.டி. தளத்தில் கொடுத்து, சேர்க்கை எண் பெற்று விற்கலாம். சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே விற்க முடியும்.

2. இணக்க வரி முறையில் இருப்பவர்: இவரும் மாநிலத்துக்குள் விற்கலாம். வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. விற்றுமுதலில் 1 சதவீதத்தைத் தாமே கட்ட வேண்டும்.

3. முறையான பதிவு உள்ளவர்: நாடு முழுவதும் விற்கலாம்.

ஒரு கணக்கு

மசாலாப் பொடிப் பெட்டி ஒன்றை 400 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கமிஷன், நிலையான கட்டணம், அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து 100 ரூபாய் என்போம். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 118 ரூபாய். முறையான பதிவு உள்ளவர், தாம் கட்ட வேண்டிய வரியில் அந்த 18 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம். மற்ற இருவருக்கும் அது கைநஷ்டம். விலையில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடுகிறது. மளிகையில் இவ்வளவு லாபம் தரும் சரக்கு எத்தனை?

ஆகவே எடை அதிகமும் லாபம் குறைவுமான அரிசி, பருப்பு இதற்கு ஏற்றவையல்ல. எடை குறைந்த, நாமே தயாரிக்கும் பொடி வகைகளுக்குக் கணக்குக் கட்டுப்படியாகலாம்.

முறையான பதிவு உள்ளவருக்கு, தளம் ஜி.எஸ்.டி.க்காக 0.5 சதவீதம் (2024 ஜூலை 10 முதல்), வருமான வரிக்காக 0.1 சதவீதம் (2024 அக்டோபர் 1 முதல்) பிடிக்கும். இவை செலவல்ல, கணக்குத் தாக்கல் செய்யும்போது நமக்கு வரவாகும். பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கவனிக்க வேண்டியவை

விற்றுமுதல் ஒரே பான் எண்ணின் கீழ் கணக்கிடப்படுகிறது. கடையில் 36 லட்சம், ஆன்லைனில் 6 லட்சம் என்றால் மொத்தம் 42 லட்சம். தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்குப் பொது வரம்பு 40 லட்சம். அதைத் தாண்டிய 30 நாட்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வரியில்லாத சில்லறை அரிசி விற்பனையும் இந்தக் கூட்டலில் சேரும். அதே அரிசியை 25 கிலோவுக்குள் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டி விற்றால், 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி உண்டு.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், திரும்பி வரும் சரக்கின் போக்குவரத்துச் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும் என்பதைப் படித்துப் பாருங்கள். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு மாத விற்பனைக்குக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். லாபம் நிற்கிறது என்று தெரிந்த பிறகு தைரியமாக இறங்குங்கள்.