திமிங்கிலக் கணக்கு

2016-ஆம் ஆண்டு ஜனவரியில், திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டை ஒட்டிய கரையில், பைலட் திமிங்கிலங்கள் எண்பதுக்கு மேற்பட்டவை கூட்டமாக வந்து ஒதுங்கியபோது, மீனவர்கள் அவற்றைப் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துச் சென்று விட்டும் சில மறுபடியும் கரைக்கே திரும்பின. நாற்பதுக்கு மேற்பட்டவை மாண்டுபோயின. கூட்டத்தைப் பிரிந்து வாழ அறியாத ஜாதி அது. ஒன்று தரை தட்டினால் மற்றவையும் பின்தொடர்கின்றன. 1973 ஜனவரியிலும் மன்னார் வளைகுடாவின் இதே பகுதியில் 147 திமிங்கிலங்கள் கரையேறியதை நம் ஆராய்ச்சியாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

கரையில் கிடப்பவற்றை எண்ணிவிடலாம். கடலில் நீந்துகிறவற்றை எண்ணுவதுதான் கஷ்டம். கொல்லிமலைக் காட்டில் கரடியைத் தேடிச் செல்பவனுக்குக் காலடித் தடமோ, கிளறிய கறையான் புற்றோ சாட்சியாக அகப்படும். சமுத்திரத்திலோ சுவடு என்பதே இல்லை. ஆகவே விஞ்ஞானிகள் கப்பலை நேர்க்கோட்டில் செலுத்தி, இருபுறமும் தென்படும் திமிங்கிலம், ஓங்கில் ஒவ்வொன்றின் தூரத்தையும் கோணத்தையும் குறித்துக்கொண்டு, கண்ணுக்குத் தப்பியவை எத்தனை, மூச்சடக்கி ஆழத்தில் இருந்தவை எத்தனை என்பதைக் கணிதத்தால் அனுமானிக்கிறார்கள். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் வாலடியில் உள்ள கறுப்பு வெள்ளைத் திட்டுகளும், வால் விளிம்பின் வெட்டுகளும் ஒன்றுக்கு இருப்பதுபோல் மற்றொன்றுக்கு இராமையால், முன்பு படம்பிடித்தவற்றுள் எத்தனை மறுமுறை காணக் கிடைக்கின்றன என்ற விகிதத்தைக் கொண்டும் மொத்தத் தொகையை மதிப்பிடலாம். கங்கையின் கலங்கல் நீரில் வாழும், கண்பார்வை அநேகமாக இழந்த ஓங்கிலுக்கோ, ஒலிவாங்கியைத் தண்ணீருக்குள் இறக்கி அதன் குரலைக் கேட்க வேண்டியிருக்கிறது. எட்டு மாநிலங்களில் 8,500 கிலோமீட்டர் ஆற்றுவழி சென்று எடுத்த கணக்கு 2025-இல் வெளியானபோது, நம் நாட்டு நதிகளில் 6,327 ஓங்கில்கள் உண்டென்று தெரிந்தது. அவற்றுள் சிந்துநதி இனம் மூன்றே மூன்று!

கணக்குப் பொய்த்தால் என்ன நேரும் என்பதற்கு அரபிக்கடலே பிரத்தியட்ச உதாரணம். 1960-களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் சர்வதேச விதிகளை மீறி அங்கே இருநூற்றுக்கு மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்று, அந்த உண்மையை மறைத்துவிட்டன. 1990-களில்தான் அது வெளிப்பட்டது. இன்று ஓமான் கரையோரத்தில் அவ்வினம் நூற்றுக்கும் குறைவு என்று மதிப்பிடப்படுகிறது.

1979-இல் இந்துமகா சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாயிற்று. 1986 முதல் வணிக வேட்டைக்கே தடை வந்தது. ஈட்டியின் பயம் அநேகமாக ஓய்ந்துவிட்ட நம் கடலில், வலையும் கப்பலுமே இப்போது எமனாக நிற்கின்றன. இலங்கையின் தேவேந்திரமுனைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்கள் மேயும் இடத்தின் ஊடேதான் பெரிய கப்பல்கள் போகின்றன. ஒரு பெரிய கப்பல் நிறுவனம் 2022-இல் தன் பாதையைத் தெற்கே தள்ளி வைத்துக்கொண்டது போற்றத்தக்கது.

வலையில் சிக்கி இறப்பவற்றின் கணக்கை ஆராய்ச்சிக் கப்பலால் மட்டும் எடுத்துவிட முடியாது. அதை முதலில் அறிபவர் மீனவரே. தெரியாமல் சிக்கிய ஓங்கிலைப் பற்றிச் சொல்ல வருபவரைக் குற்றவாளியாகப் பாராமல், முதல் சாட்சியாக மதித்து அவர் சொல்வதை எழுதிக்கொள்ளும் ஏற்பாட்டை அரசாங்கம் ஒவ்வொரு மீன்பிடி துறைமுகத்திலும் செய்ய வேண்டும்.