ஒரே ஆட்டக்காரர், 13 அணிகள்

ஒருவர் 14 ஆண்டுகளில் 13 முதலாளிகளிடம் வேலை பார்த்திருக்கிறார். இதைக் கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றும்? "ஓரிடத்தில் நிலைத்து நிற்காத ஆள்" என்பீர்கள். "வேலையில் ஏதோ குறை இருக்கும்" என்றும் நினைப்பீர்கள்.

அப்படி ஓர் ஆள் அமெரிக்காவில் இருக்கிறார். அவர் பெயர் இஷ் ஸ்மித். கூடைப்பந்து ஆடுவதுதான் அவர் பார்த்த வேலை. வேலையில் குறை உள்ள ஆளை ஒருவர் கூப்பிடலாம். ஏமாந்துபோய் இரண்டாவது ஆளும் கூப்பிடலாம். 13 பேர் கூப்பிடுவார்களா?

முதலில் கூடைப்பந்து பற்றிக் கொஞ்சம் பார்ப்போம்.

பள்ளிக்கூட மைதானங்களில் உயரமான கம்பத்தைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு பலகை. பலகையில் இரும்பு வளையம். வளையத்தில் வலை தொங்கும். வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது. தரையில் தட்டிக்கொண்டேதான் ஓட வேண்டும். பந்தை வளையத்துக்குள் போட்டால் புள்ளி.

1891-ஆம் ஆண்டு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் அவர் வேலை பார்த்தார். பனிக்காலத்தில் மாணவர்கள் வெளியே போய் ஆட முடியவில்லை. கூடத்துக்குள்ளேயே ஆட ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. பழம் வைக்கும் கூடைகள் இரண்டை மேலே மாட்டினார். அதனால்தான் இதற்குக் கூடைப்பந்து என்று பெயர்.

இன்று அமெரிக்காவில் இது பெரிய தொழில். என்.பி.ஏ. என்ற அமைப்பின் கீழ் 30 அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணிக்கும் ஒரு முதலாளி உண்டு. ஓர் அணியில் சுமார் 15 பேர் இருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 450 வேலைகள்தான். உலகத்தில் உள்ள நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் இந்த 450 இடங்களுக்குத்தான் முட்டி மோதுகிறார்கள்.

இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் முறை விசித்திரமானது. ஆண்டுக்கு ஒரு முறை அணிகள் எல்லாம் கூடும். புதிய இளைஞர்களின் பெயர்களை வரிசையாக ஒவ்வோர் அணியாகக் கூப்பிடும். வழக்கமாக 60 பேரைக் கூப்பிடுவார்கள். 2010-ஆம் ஆண்டு இஷ் ஸ்மித் கல்லூரிப் படிப்பை முடித்திருந்தார். நான்கு ஆண்டுகள் கல்லூரி அணிக்கு ஆடியவர் அவர். 60 பெயர்களையும் படித்தார்கள். அவர் பெயர் வரவில்லை.

காரணம் பெரும்பாலும் உயரம்தான். அவர் உயரம் ஆறடி. நம் தெருவில் நடந்தால் திரும்பிப் பார்ப்போம். அங்கே அது குள்ளம். ஆறரை அடி அங்கே சாதாரணம்.

பெயர் கூப்பிட்டுவிட்டால் வாழ்க்கை உறுதி என்றும் சொல்ல முடியாது. பஞ்சாபில் பல்லோ கே என்ற சிறிய கிராமத்தைச் சேர்ந்தவர் சத்னாம் சிங். உயரம் ஏழடிக்கு மேல். 2015-ல் அவர் பெயரை டல்லஸ் அணி 52-ஆவது பெயராகக் கூப்பிட்டது. இந்தியாவிலிருந்து அப்படிக் கூப்பிடப்பட்ட முதல் ஆள் அவர்தான். ஆனால் என்.பி.ஏ.யில் ஓர் ஆட்டம்கூட ஆட அவருக்கு வாய்ப்பு வரவில்லை. கூப்பிடப்படாத ஸ்மித்தோ 14 பருவங்கள் ஆடினார்.

எப்படி ஆடினார்? கிடைத்த வேலையை எடுத்துக்கொண்டார். 2010-ல் ஹூஸ்டன் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. நான்கு மாதம் ஆடினார். 2011 பிப்ரவரியில் மெம்பிஸ் அணிக்கு மாற்றிவிட்டார்கள்.

இந்த "மாற்றிவிடுவது" என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓர் அணி தன் ஆட்டக்காரரை இன்னோர் அணிக்குக் கொடுக்கலாம். பதிலுக்கு அங்கிருந்து வேறு ஆளை வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் இதற்கு ஆட்டக்காரரின் சம்மதத்தைக் கேட்க மாட்டார்கள். போன் வரும். பெட்டியைக் கட்ட வேண்டும். நம் ஊரில் மாட்டை மாற்றிக்கொள்வார்களே, அதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளம் மாறாது. புது முதலாளி அதே சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு பக்கத்துச் சம்பளமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்றும் பல சமயம் விதி வரும். அப்போது குறைந்த சம்பளக்காரர்களைத் தராசில் படிக்கல் வைப்பதுபோல் சேர்த்து அனுப்புவார்கள்.

மாற்றிவிடுவதாவது பரவாயில்லை. இன்னொன்று உண்டு. அதுதான் நிறுத்திவிடுவது.

அங்கே ஒப்பந்தத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று உறுதியான ஒப்பந்தம். ஆட்டக்காரரை நிறுத்தினாலும் சம்பளம் முழுவதையும் கொடுக்க வேண்டும். இன்னொன்று உறுதி இல்லாதது. நிறுத்தினால் அன்றோடு சம்பளம் நின்றுவிடும். ஆடிய நாட்களுக்கு மட்டும் கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். இதற்கு ஒரு கெடு வைத்திருக்கிறார்கள். ஜனவரி 10. அந்தத் தேதியைத் தாண்டிவிட்டால் அந்தப் பருவத்துச் சம்பளம் முழுவதும் உறுதி. அதனால் ஜனவரி முதல் வாரம் வந்தால் பலருக்குத் தூக்கம் வராது. பத்து நாள் ஒப்பந்தம் என்றும் ஒன்று உண்டு. பத்தே நாட்களுக்கு வேலை. ஓர் அணி ஒருவருக்கு ஒரு பருவத்தில் இரண்டு முறைதான் இப்படிக் கொடுக்கலாம். அதற்கு மேல் பருவம் முழுவதும் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

சம்பளம் எவ்வளவு? 2010-ல் புதிதாகச் சேர்ந்தவருக்குக் குறைந்தபட்சம் ஒரு பருவத்துக்கு 4,73,604 டாலர். நமக்கு இது மலைபோல் பணம். அவர்களை ஏழைகள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் "நாளை வேலை உண்டா?" என்ற கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். சித்தாள் வேலைக்குக் காலையில் முச்சந்தியில் போய் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

ஸ்மித்தின் பயணத்தைப் பாருங்கள். 2011 டிசம்பரில் கோல்டன் ஸ்டேட் அணி எடுத்தது. சில ஆட்டங்களோடு விட்டுவிட்டது. 2012 பிப்ரவரியில் ஆர்லாண்டோ. 2013 பிப்ரவரியில் மில்வாக்கி. அதே ஆண்டு ஆகஸ்டில் பீனிக்ஸ். 2014-ல் பீனிக்ஸ் நிறுத்தியது. ஹூஸ்டன் திரும்பவும் எடுத்து, பருவம் தொடங்கும் முன்பே நிறுத்தியது. பிறகு ஒக்லஹோமா சிட்டி. 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்சுக்கு மாற்றினார்கள். அவர்கள் உடனே விட்டுவிட்டார்கள். பிலடெல்பியா எடுத்துக்கொண்டது. படிக்கும்போதே நமக்கு மூச்சு வாங்குகிறது.

அவர் ஆடும் இடம் எளிதான இடமும் அல்ல. பந்தை எதிர்ப்பக்கம் கொண்டுபோகிறவர் அவர்தான். மற்ற நால்வரும் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறவரும் அவர்தான். ஒவ்வோர் அணிக்கும் தனித்தனி வியூகங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு சைகை. ஊர் மாறினால் எல்லாவற்றையும் புதிதாகப் படிக்க வேண்டும். யாருக்கு வலது கையில் பந்து வேண்டும், யாருக்கு இடது கையில் வேண்டும் என்று கவனிக்க வேண்டும். திங்கட்கிழமை சேர்ந்தால் புதன்கிழமை ஆட வேண்டியிருக்கும். ஸ்மித்துக்கு வேகம் இருந்தது. சீக்கிரம் கற்றுக்கொள்ளும் குணமும் இருந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு நல்ல உதாரணம் பிலடெல்பியாவில் நடந்தது. 2015 கோடையில் பிலடெல்பியா அவரை வைத்துக்கொள்ளவில்லை. அவர் வாஷிங்டன் போனார். பருவம் தொடங்கும் முன்பு அவர்களும் நிறுத்தினார்கள். நியூ ஆர்லியன்ஸ் எடுத்தது. பிலடெல்பியாவோ அந்தப் பருவத்தில் முதல் 18 ஆட்டங்களிலும் தோற்றது. டிசம்பர் கடைசியில் 31 ஆட்டங்கள் முடிந்தபோது ஒன்றில்தான் வென்றிருந்தது. பந்தைக் கொண்டுபோக ஆள் இல்லாமல் இளைஞர்கள் திண்டாடினார்கள். டிசம்பர் 24-ஆம் தேதி பிலடெல்பியா ஸ்மித்தைத் திரும்ப வாங்கியது. விலையாகப் புது ஆட்களைக் கூப்பிடும் உரிமைகள் இரண்டைக் கொடுத்தது. சும்மா வைத்திருக்க முடிந்த ஆளை விலை கொடுத்து வாங்கினார்கள்! இரண்டு நாள் கழித்துப் பீனிக்சோடு ஆட்டம். பிலடெல்பியா வென்றது. அந்தப் பருவத்தில் மொத்தம் 10 ஆட்டங்களில் வென்றது, 72-ல் தோற்றது. பெரிய வெற்றி இல்லைதான். ஆனால் ஸ்மித் வருவதற்கு முன்பு ஒன்று. வந்த பிறகு ஒன்பது.

அடுத்த கோடையில் டெட்ராய்ட் அணி அவருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. மொத்தம் 1 கோடியே 80 லட்சம் டாலர். மூன்று ஆண்டும் ஒரே ஊரில் இருந்தார்.

இப்படி ஓர் ஒப்பந்தம் முடிந்ததும் தனக்குப் பிடித்த அணியோடு பேசலாம் என்ற உரிமை முன்பு கிடையாது. ஒரு முறை கையெழுத்துப் போட்டால் அந்த அணிதான் என்றைக்கும் முதலாளி. அணி அவரை மாற்றலாம், நிறுத்தலாம். அவராக விலகி இன்னோர் அணிக்குப் போக முடியாது. ஆட்டக்காரர்கள் 1954-ல் சங்கம் வைத்தார்கள். முதலாளிகள் பல ஆண்டுகள் சங்கத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. 1964 ஜனவரியில் பாஸ்டன் நகரில் சிறந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஆடும் பெரிய ஆட்டம் நடக்க இருந்தது. டெலிவிஷனில் காட்ட எல்லாம் தயார். ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஓய்வூதியம் தருவதாகச் சொன்னால்தான் வருவோம் என்றார்கள். முதலாளிகள் மிரட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அமைப்பின் தலைவர் வால்டர் கென்னடி வாக்குக் கொடுத்தார். பிறகுதான் ஆட்டம் தொடங்கியது. 1970-ல் சங்கத் தலைவர் ஆஸ்கர் ராபர்ட்சன் பெயரில் வழக்குப் போட்டார்கள். 1976-ல் சமரசம் ஆனது. அணி மாறும் உரிமைக்கு அதுதான் வாசல் திறந்தது. இன்று மூன்று பருவங்கள் ஆடிய எவருக்கும் ஓய்வூதியம் உண்டு. ஊர் ஊராய் அலைகிறவருக்கு அந்த மூன்றாவது பருவம் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்மித்துக்கு முன்பு 12 அணிகளுக்கு ஆடியவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜோ ஸ்மித். சொந்தக்காரர் அல்ல, பெயர்தான் ஒன்று. 1995-ல் முதல் பெயராகக் கூப்பிடப்பட்டவர் அவர். மினசோட்டா அணி அவரிடம் ஒரு ரகசிய ஏற்பாடு செய்தது. "இப்போது குறைந்த சம்பளத்துக்கு ஆடு. பின்னால் பல கோடி டாலர் தருகிறோம்" என்றது. விதிக்கு மாறான இந்த ஏற்பாட்டைத் தனித் தாளில் எழுதி வைத்தார்கள். முகவர்களுக்குள் சண்டை வந்து வழக்கு நடந்தபோது அந்தத் தாள் வெளியே வந்தது. 2000-ஆம் ஆண்டு அவருடைய ஒப்பந்தம் செல்லாது என்று அறிவித்தார்கள். அணிக்கு 35 லட்சம் டாலர் அபராதம். குறைந்த சம்பளத்துக்கு அவர் ஆடிய ஆட்டங்கள் ஆடியதுதான். சொன்ன கோடிகள் வரவில்லை.

இஷ் ஸ்மித் 2019-ல் வாஷிங்டனுக்கும், 2021-ல் சார்லட்டுக்கும் போனார். சார்லட் அவர் பிறந்த ஊர். அது அவருக்கு 12-ஆவது அணி. ஆறே மாதத்தில் அங்கிருந்தும் மாற்றிவிட்டார்கள். 2022-ல் டென்வர் அணிக்குப் போனார். அக்டோபரில் டென்வருக்காகக் களத்தில் இறங்கினார். 13 அணிகள்! அது புதிய சாதனை.

டென்வரில் அவர் அதிகம் ஆடவில்லை. பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். 2023 ஜூன் 12-ஆம் தேதி டென்வர் மியாமியை வென்று முதன்முறையாகக் கோப்பையை வாங்கியது. கோப்பை வென்றவர்களுக்கு மோதிரம் போடுவது அங்கே வழக்கம். 13-ஆவது அணியில் ஸ்மித்துக்கும் மோதிரம் கிடைத்தது.

அந்தக் கோடையோடு டென்வர் ஒப்பந்தம் முடிந்தது. அவருக்கு வயது 35. 2023-24 பருவத்தில் சார்லட் மறுபடி கூப்பிட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த ஊருக்கு ஆடப் போனார்.