'விடாது கருப்பு' கையில இருக்கு... 'ஒளியும் ஒலியும்' எங்கே? 90ஸ் டிவி நினைவுகளின் மறுபக்கம்

ஆபீஸில் பக்கத்து சீட் 23 வயசுக்காரரிடம் 'விடாது கருப்பு' என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் குதிரை அவருக்கும் தெரிந்திருக்கும். தொடர் ஒளிபரப்பானபோது அவர் பிறக்கவே இல்லை! அதே ஆளிடம் 'ஒளியும் ஒலியும்' பற்றிக் கேளுங்கள். "அம்மா சொல்லுவாங்க..." என்பதோடு நின்றுவிடும்.

இத்தனைக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னை தூர்தர்ஷனில் வந்த அந்த சினிமா பாட்டு நிகழ்ச்சிக்காக, டிவி இருந்த வீட்டில் தெருவே கூடியது. பிறகு ஏன் அது மட்டும் அடுத்த தலைமுறையிடம் போய்ச் சேரவில்லை?

பழைய நிகழ்ச்சிகள் மீதான ஏக்கத்துக்கு உளவியலில் ஒரு விளக்கம் உண்டு. சுமார் 10 வயதிலிருந்து 30 வயது வரை நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகமாக, அழுத்தமாக நினைவுக்கு வருகின்றன. அந்த வயதில் டிவி முன் உட்கார்ந்தவர்களுக்குக் காத்திருப்பும் சேர்ந்தே பதிந்துவிட்டது. கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, நாகா இயக்கி, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'மர்மதேசம்' வாரத்துக்கு ஒரு எபிசோடுதான். கருப்பு யார் என்று தெரிய நாள்கணக்கில் காத்திருக்கணும். ஸ்பாய்லர் சொல்ல ஆளே கிடையாது. 1999-ல் 'சித்தி' வந்தபோது காத்திருப்பு ஒருநாளாகச் சுருங்கியது.

ஆனால், அந்த விளக்கம் 2கே கிட்ஸுக்குப் பொருந்தாது. அவர்களிடம் இருப்பது நினைவு அல்ல, யூடியூப் லிங்க். கவிதாலயாவின் சேனலில் 'மர்மதேசம்' இருக்கிறது, அதனால் பார்க்கிறார்கள். 2020 லாக்டவுனில் தூர்தர்ஷன் 'ராமாயண'த்தையும், சன் டிவி 'மெட்டி ஒலி'யையும் மறுஒளிபரப்பு செய்ய முடிந்ததும் இதே காரணத்தால்தான். பதிவு பத்திரமாக இருந்தது. நாஸ்டால்ஜியா பட்டியலில் எது இடம்பிடிக்கும் என்பதை ரசனை பாதி தீர்மானிக்கிறது என்றால், மீதியைத் தீர்மானிப்பது டேப் அலமாரி.

அழித்து எழுதப்பட்ட டேப்கள்

வீடியோ டேப் ஒரு காலத்தில் காஸ்ட்லியான சமாச்சாரம். ஒளிபரப்பு முடிந்ததும் அதை அழித்துவிட்டு அடுத்த நிகழ்ச்சியைப் பதிவது உலகம் முழுக்க இருந்த வழக்கம். பிபிசியே 1960-களின் 'டாக்டர் ஹூ' எபிசோடுகள் பலவற்றை இப்படி இழந்தது. பின்னாளில் சில, வெளிநாட்டு டிவி நிலையங்களிலும் தனியாரின் சேகரிப்பிலும் கிடைத்தன. இன்னும் கிடைக்காதவற்றுக்கு ஒலி மட்டும் மிச்சம். அதுவும் வீட்டில் டிவி பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த ரசிகர்கள் புண்ணியத்தில்!

அழிக்காமல் வைத்தாலும் நிம்மதி இல்லை. ஈரப்பதத்தில் டேப்பின் காந்தப் பூச்சு கெடும், பூஞ்சை பிடிக்கும். அதை ஓட்டும் மெஷின்களும் அருகிவருகின்றன.

'ஒளியும் ஒலியும்' விஷயத்தில் இன்னொரு முடிச்சு, காப்புரிமை. நிகழ்ச்சி தூர்தர்ஷனுடையது, பாட்டு அவர்களுடையது அல்ல. ஒரு எபிசோடை இன்று முழுசாக ஆன்லைனில் ஏற்ற வேண்டுமென்றால், ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமை வைத்திருப்பவரின் அனுமதி தேவை. அந்தப் பாட்டுகள் தனித்தனியாக உங்கள் போனிலேயே கிடைக்கும். 'அடுத்து என்ன பாட்டு?' என்ற சஸ்பென்ஸ் கிடைக்காது.

பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய 'வேவ்ஸ்' ஓடிடியில் பழைய தூர்தர்ஷன் தொடர்கள் இருக்கின்றன. நல்ல முயற்சி. ஆனால், இப்படி எங்கே தூசு தட்டினாலும் ஹிட் தொடர்களுக்குத்தான் முதல் மரியாதை. 'வயலும் வாழ்வும்', நேயர் கடிதங்களுக்குப் பதில் சொன்ன 'எதிரொலி' மாதிரியானவை யாருடைய டாப்-10 பட்டியலிலும் வராது. அன்றைய தமிழ்நாடு எப்படிப் பேசியது, எதைப் பற்றிப் புகார் செய்தது என்று பார்க்க அவைதான் உதவும்.

உங்கள் வீட்டுப் பரணில் கல்யாண கேசட்டுகளுக்கு நடுவே, விசிஆரில் டிவியிலிருந்து பதிந்த கேசட் ஒன்று கிடக்கலாம். தூக்கிப்போடும் முன் லேபிளைப் பாருங்கள். கல்யாண வீடியோவை பென் டிரைவில் ஏற்றித் தரும் கடைகளில் இதையும் மாற்றலாம். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் மட்டும், ஆர்வத்தில் விசிஆருக்குள் தள்ளிவிடாதீர்கள். டேப்பும் போகும், மெஷினும் போகும்.