வாக்குச் சீட்டை ஆளும் விதிகள்

எழுதப் படிக்கத் தெரியுமா என்று வினவாமல் வயது வந்த பிரஜைகள் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கிய நமது அரசியல் சாசனம், அவ்வுரிமை நிறைவேறும் பொறுப்பில் பெரும்பங்கை ஒரு காகிதத்தின்மீது சுமத்தியிருக்கிறது. ஆதலால்தான் அக்காகிதத்தின் அமைப்பு அச்சகத்தாரின் விருப்பத்திற்கு விடப்படாமல், 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தாலும் 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தும் விதிகளாலும் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது.

முதலிரு பொதுத் தேர்தல்களில் அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டி இருந்தது. பெயரற்ற சீட்டை, விரும்பிய சின்னம் ஒட்டிய பெட்டியில் இட்டால் போதும். சீட்டைப் பெட்டியில் இடாமல் வெளியே கொண்டுபோய்ப் பிறரிடம் கொடுக்கும் முறைகேட்டிற்கு அது இடமளித்தது. அபேட்சகர் யாவரையும் ஒரே சீட்டில் அச்சிட்டு முத்திரை குத்தச் செய்யும் முறை, 1962 பொதுத் தேர்தலில் பரவலாக நடைமுறைக்கு வந்தது.

ஒரே தாளில் பலர் பெயர் வரும்போது முதல் ஸ்தானம் யாருக்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. அங்கீகாரம் பெற்ற கட்சியினர், பதிவு மட்டும் பெற்ற கட்சியினர், சுயேச்சைகள் என மூன்று வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அகர வரிசையில் பெயர்களை நிறுத்துகிறது சட்டம். ஒரே பெயருடையோர் இருவர் போட்டியிட்டால், தொழிலையோ வசிப்பிடத்தையோ சேர்த்து வேறுபடுத்த வேண்டும். 2013 முதல் கடைசி வரிசை ‘நோட்டா’வுக்கு உரியது, 2015 முதல் அபேட்சகரின் புகைப்படமும் இடம்பெறுகிறது.

சீட்டை மடிப்பதற்கும் முறையுண்டு. முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் மடித்தால், ஈரமான மை அதே அபேட்சகரின் வரிசையிலேயே படியும். அடுத்தவர் கட்டத்தில் ஒட்டாது. அப்படியே ஒட்டினாலும், அம்புக்குறி முத்திரையின் சுழலும் திசை, அசல் எது, மையின் பிரதிபிம்பம் எது என்று காட்டிவிடும். குறி மங்கியிருப்பதனாலோ ஒன்றுக்கு மேற்பட்டிருப்பதனாலோ மட்டும், வாக்காளரின் எண்ணம் தெளிவாயுள்ள சீட்டைத் தள்ளுபடி செய்யலாகாது; ஆனால் வாக்களித்தவரை அடையாளம் காட்டும் குறியோ எழுத்தோ இருந்தால், அந்தரங்கம் கெடாதிருக்கும்பொருட்டு அச்சீட்டு செல்லாததாகும்.

1996இல் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டபோது, வாக்குச் சீட்டு புத்தகமாகவே அச்சாயிற்று. அவ்வாண்டே அபேட்சகர்கள் கட்டவேண்டிய வைப்புத்தொகை பன்மடங்கு உயர்த்தப்பட்டது.

வாக்குப்பதிவு இயந்திரம் வந்த பின்னரும் அதன்மீது பொருத்தும் அச்சுத்தாள் இருக்கிறது: மக்களவைக்கு வெள்ளை, சட்டமன்றத்திற்கு இளஞ்சிவப்பு. எல்லோர் பெயரும் ஒரே வகை, ஒரே அளவு எழுத்தில் அமையவும், புகைப்படங்கள் வண்ணத்தில் வரவும் 2025இல் தேர்தல் ஆணையம் கட்டளையிட்டது. தமிழ்நாட்டு ஊரக உள்ளாட்சித் தேர்தலிலோ இன்றும் காகிதச் சீட்டே வழங்குகிறது. ஒரே வாக்காளர் நான்கு பதவிகளுக்கு வாக்களிப்பதால், பதவிக்கொரு நிறம் குறிக்கப்பட்டிருக்கிறது.

இவ்விதிகளை அற்பமான எழுத்தர் வேலையென்று கருதுவது பெரும்பிழை. கண்பார்வை மங்கிய மூதாட்டியும் பள்ளிக்கூட வாசலை மிதியாத உழவரும் பிறர் துணையின்றித் தம் அபிப்பிராயத்தைப் பிழையறப் பதிக்க முடியுமானால்தான், சாசனம் அளித்த சமத்துவம் மெய்யாகும். ஆகவே அச்சுப்படியைத் திருத்துவோர் செய்வதும் ஜனநாயகத்தைக் காக்கும் பணியே.