மெனுவும் குறுக்குவிசையும்

வடகிழக்குப் பருவமழையில் மரக்காணத்து உப்பளப் பாத்திகள் நீரில் மூழ்கி வேலை நின்றுபோகும் மாதங்களில், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ‘ஆபீஸ் ஆட்டோமேஷன்’ பரீட்சையில் தேறி உத்தியோகம் பெறலாம் என்ற நம்பிக்கையோடு கணினி பழக வரும் ஒரு தொழிலாளியின் மகளுக்கு, மெனுவை முதலில் காட்டுவதா, குறுக்குவிசைகளை முதலில் சொல்வதா என்பது சிறிய கேள்வியன்று.

மெனுவே முதலில் என்பது என் துணிபு. கணினி என்னென்ன செய்யும் என்று அறியாதவருக்கு அது தானே எடுத்துரைக்கும். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உப்பு மூட்டைக் கணக்கில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து ‘எடிட்’ மெனுவைத் திறந்தால், பல மென்பொருள்களில் ‘காப்பி’ என்ற சொல்லுக்கு நேரே, வலப்புறத்தில், ‘கண்ட்ரோல் சி’ என்று குறித்திருக்கும். கட்டளையைப் பிரயோகிக்கும்போதெல்லாம் அதையும் வாய்விட்டுப் படித்துவந்தால் விரல் தானே பழகிவிடும். சுவரில் ஐம்பது விசைகளின் அட்டவணையை ஒட்டி ஒப்பிக்கச் சொல்வதால் ஞாபகத்துக்குத்தான் சிரமம்.

ஆயினும் மெனுவோடு நின்றுவிடலாகாது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், வேர்டு மென்பொருளில் அனுபவம் மிகுந்த 251 பேரிடம் விசாரித்தபோது, விசைகளே விரைவானவையாயிருந்தும், அடிக்கடி செய்யும் காரியங்களுக்குக்கூட அவர்கள் பெரும்பாலும் படக்குறிகளையே சொடுக்கிவந்தது தெரிந்தது. அனுபவம் தானாக விசைகளைக் கற்றுத்தராது, உபாத்தியாயர்தாம் கற்பிக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டின் வேர்டில் பழைய மெனுக்கள் மறைந்து ‘ரிப்பன்’ வந்தபோது, கட்டளைகளின் இடத்தை மட்டும் நெட்டுருப் போட்டிருந்தவர்கள் திகைத்தார்கள். கண்ட்ரோல் சி மட்டும் மாறவில்லை. 1983-இல் ஆப்பிளின் லிசா கணினியிலேயே இடம்பெற்ற இசட், எக்ஸ், சி, வி என்னும் நான்கும் கீழ்வரிசையில் அடுத்தடுத்து இருப்பதால், வலக்கை மவுஸிலிருக்க இடக்கையே அவற்றை எட்டும்.

இவற்றுள் முதலில் கற்பிக்கத்தக்கது இசட். கண்ட்ரோலை அழுத்திப் பிடிக்காமல் சி-யை மட்டும் தட்டினால், தேர்ந்தெடுத்த வரி முழுவதும் மறைந்து அங்கே ஓர் ஆங்கில எழுத்து மட்டும் நிற்கும். புதிதாய்க் கற்பவர் அத்தருணத்தில் இயந்திரத்தையே கெடுத்துவிட்டதாக அஞ்சிக் கையை எடுத்துவிடுவார். ஆகையால் முதல் நாளே அவ்வரியை வேண்டுமென்றே அழிக்கச் சொல்லி, கண்ட்ரோல் இசட்டால் அவரே அதை மீட்குமாறு இரண்டு மூன்று முறை அப்பியாசம் செய்வித்துவிட வேண்டும்.