வெட்டிய புல்லின் வாசமும் வாப்பாவின் வாழைப்பழங்களும்

"குளிர் ஊர்தானே, அங்கே பழம் பழுதாகாதே!"

கொழும்பிலிருந்து வரும் உறவினர்கள் எங்கள் கடையைப் பார்த்ததும் சொல்லும் வார்த்தை இது. லிந்துலையில் வாப்பாவுக்கு ஒரு சிறிய பழக்கடை இருக்கிறது. வாழை, பப்பாசி, மாம்பழம் யாவும் கீழ்நாட்டிலிருந்து லொறியில் ஏறி வருபவை. உண்மையில் வாழைப்பழத்துக்குக் குளிர் ஆகாது. ஏறத்தாழ 13 பாகை செல்சியசுக்குக் கீழே வைத்தால் அதன் தோலிலுள்ள கலங்கள் சேதமடைந்து கருமையாகிவிடும். தை மாத இரவுகளில் எங்கள் ஊர்க் குளிர் அதற்கும் கீழே இறங்குவதுண்டு. ஆகவே குளிர்சாதனப் பெட்டி இருந்தாலும் வாழைக்கு அது மருந்தாகாது.

கடந்த நோன்பு மாதத்தில் வாப்பா வழமையைவிட அதிகமாக வாழைக்குலைகள் எடுத்தார். நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் வியாபாரம் நன்றாக நடக்கும் என்பது அவரது கணக்கு. ஆனால் மூன்று நாள் அடை மழை, கடைத்தெருவில் ஆளில்லை. சீப்புகளின் காம்பு கூடும் இடம் முதலில் கறுத்தது, பிறகு பழங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. பாதிக்கு மேல் மாட்டுக்குத் தீனியாயிற்று. அன்றிரவு உம்மா கணக்குக் கொப்பியைப் பார்த்துவிட்டு, "மகள், ரியூசன் காசை அடுத்த மாதம் சேர்த்துக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரை வரை கொண்டுவந்தது.

எங்கள் கடையின் கதை உலகத்தின் கதையும்தான். மனிதருக்காக விளைவிக்கப்படும் உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழக்கப்படுகிறது அல்லது வீணாகிறது என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2011ஆம் ஆண்டு மதிப்பிட்டது. அதில் பழங்களும் மரக்கறிகளும் முன்னணியில் நிற்கின்றன. காரணம், பறித்த பின்னும் அவை உயிருள்ளவை. அவை சுவாசிக்கின்றன, நீரை இழக்கின்றன, முதுமை அடைகின்றன.

வாழை, மா, பப்பாசி, தக்காளி போன்றவை பழுக்கும்போது எதிலீன் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. அந்த வாயு பக்கத்துக் காயையும் பழுக்கத் தூண்டும். இதே காலத்தில் 'பொஸ்போலிப்பேசு டி' என்ற நொதியம் கலமென்சவ்விலுள்ள பொஸ்போலிப்பிட்டுகளை உடைக்கத் தொடங்குகிறது. மென்சவ்வு ஒரு வீட்டின் சுவர் போன்றது. சுவர் இடிந்தால் உள்ளே இருப்பது வெளியே கசியும், வெளியே நிற்கும் பங்கசு உள்ளே நுழையும். பழம் குழைவதும் அழுகுவதும் இப்படித்தான்.

இந்த நொதியத்தின் வேலையைத் தாமதப்படுத்தும் ஒரு பொருளைத் தாவரங்களே உருவாக்குகின்றன. அதன் பெயர் ஹெக்சனல். உயர்தரத்தில் சேதன இரசாயனம் படிப்பவர்களுக்கு இது அந்நியமானதல்ல. ஆறு காபன் அணுக்களைக் கொண்ட ஓர் எளிய அல்டிகைட்டு. படிக்காதவர்களுக்கும் இதன் வாசம் தெரியும். புல் வெட்டும்போது எழும் பச்சை வாசத்தில் இதுவும் இதன் உறவுச் சேர்வைகளும் உண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாடும்போது காற்றில் வருகிறதே ஒரு பச்சை மணம், அதிலும் இந்தக் குடும்பம் இருக்கிறது. காயப்பட்ட இலை வெளிவிடும் இந்தச் சேர்வைகளில் பங்கசை எதிர்க்கும் தன்மையும் உண்டு. நாம் தினமும் சுவாசித்துக்கொண்டு பாடசாலைக்கு நடந்த ஒன்றைப் பற்றி ஆய்வுகூடங்கள் ஆராய்ந்திருக்கின்றன என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்த ஆராய்ச்சி, 2012ஆம் ஆண்டிலிருந்து நம் பகுதிக்கும் வந்தது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனமும் இதில் பங்காளிகளாயின. கனடாவின் சர்வதேச அபிவிருத்தி ஆராய்ச்சி நிலையம் நிதி வழங்கியது. தமிழ்நாட்டில் மாமரங்களுக்கு அறுவடைக்கு முன் ஹெக்சனல் கலவையைத் தெளித்தபோது காய்கள் மரத்திலேயே கூடுதல் நாட்கள் தங்கின. எல்லாக் காயையும் ஒரே நாளில் பறித்து, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய நெருக்கடி விவசாயிக்குக் குறைகிறது. பறித்த பழத்தைக் கலவையில் தோய்த்தெடுப்பது இன்னொரு முறை.

ஹெக்சனல் விரைவில் ஆவியாகிவிடும். பழத்தில் எச்சம் தங்காது என்பது இதன் நன்மை. நீண்ட நேரம் நின்று வேலை செய்யாது என்பது குறை. இக்குறையை நீக்கத்தான் நனோ தொழில்நுட்பம் உதவிக்கு வந்தது. மிக நுண்ணிய இழைகளுக்குள் ஹெக்சனலை அடைத்து, பொதிக்குள் சிறிது சிறிதாக வெளிவரச் செய்தார்கள். எறியப்படும் வாழைத் தண்டின் நாரிலிருந்து பொதி செய்யும் பொருள் உருவாக்கும் முயற்சியும் இத்திட்டத்தில் இடம்பெற்றது. இலங்கைப் பகுதியின் ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் கலாநிதி சாந்தி வில்சன் விஜேரத்னம் என்ற பெண் விஞ்ஞானி என்பதை என் தோழிகளுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இதற்கு முன்பே நம் நாட்டில் இன்னொரு வழியும் ஆராயப்பட்டது. நான் வாப்பாவின் கடையில் பார்த்த காம்பழுகலே அந்த ஆய்வின் பொருள். குலையிலிருந்து சீப்பை வெட்டும்போது உண்டாகும் காயத்தின் வழியே பங்கசு நுழைவதால் இந்நோய் வருகிறது. களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாழையிலிருந்து இந்தப் பங்கசுகளைப் பிரித்தெடுத்து, கறுவா எண்ணெயும் கராம்பு எண்ணெயும் அவற்றைக் கட்டுப்படுத்துவதை 2002இல் வெளியிட்டனர். கறுவாப் பட்டையின் சினமல்டிகைட்டும், கறுவா இலையிலும் கராம்பிலும் உள்ள இயூஜினோலும் பங்கசின் கலமென்சவ்வைத் தாக்குகின்றன. நம் சமையலறைச் சரக்குப் பெட்டியில் இருப்பவைதான்!

இதை வாசித்ததும் எனக்குப் பொறுமை இருக்கவில்லை. பல்வலிக்காக பாமசியில் வாங்கிய கராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து, இரண்டு சீப்புகளின் வெட்டுவாயில் தடவினேன். இரண்டு சீப்புகளைத் தடவாமல் வைத்தேன். ஐந்தாம் நாள் தடவியவற்றின் காம்பு சற்றுக் குறைவாகவே கறுத்திருந்தது. ஆனால் பழத்தைக் கடித்த தங்கை, "தாத்தா, பல் வைத்தியரிடம் போன மாதிரி இருக்கு" என்று துப்பிவிட்டாள். வாப்பா சிரித்தார்.

நான்கு சீப்பை வைத்துச் செய்தது ஆய்வாகாது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் ஒரு பாடம் கிடைத்தது. இயற்கையானது என்பதற்காக எதையும் விரும்பிய அளவில் பூச முடியாது. எவ்வளவு செறிவு, எவ்வளவு நேரம், உண்பவருக்குப் பாதுகாப்பா, மணம் தங்குமா என்பதையெல்லாம் அளந்து பார்ப்பதற்குத்தான் ஆய்வுகூடம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லிந்துலையிலும் அக்கரப்பத்தனையிலும் விளையும் லீக்ஸ், கரட், கோவா ஆகியவை பழம்போலப் பழுப்பவை அல்ல. அவை கெடுவது பெரும்பாலும் நீரிழப்பாலும் நசுங்கலாலும். சாக்கில் திணித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, லொறியில் தம்புள்ளைக்குப் போகும் லீக்ஸை எந்தத் தாவரச் சேர்வையாலும் முழுதாகக் காப்பாற்ற முடியாது. 2011இன் இறுதியில் மரக்கறிகளைப் பிளாஸ்டிக் கூடைகளில்தான் கொண்டு செல்ல வேண்டுமென்று அரசு விதித்தபோது விவசாயிகளிடமிருந்தும் வியாபாரிகளிடமிருந்தும் எதிர்ப்புக் கிளம்பியது. கூடை நல்லதுதான். ஆனால் அதன் செலவை யார் சுமப்பது என்பதற்கும் பதில் வேண்டும். லயத்துக்குப் பின்னாலுள்ள துண்டு நிலத்தில் பயிரிடும் ஒருவருக்கு, விஞ்ஞானம் மலிவாகவும் வந்து சேர வேண்டும்.

"இந்த மருந்து எப்போது நம்ம கடைக்கு வரும்?" என்று வாப்பா கேட்டார். அதற்கு நாள் குறிக்க என்னால் முடியவில்லை. ஆனால் காரணம் தெரிந்ததால் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டோம். சீப்பு வெட்டும் கத்தியை ஒவ்வொரு முறையும் கழுவுகிறோம். கனிந்த பப்பாசியைக் காய் வாழைக்குப் பக்கத்தில் வைப்பதில்லை. இரவில் குலைகளைச் சாக்கால் போர்த்துகிறோம். பழுதான பழத்தைக் கூடைக்குள் விட்டுவைப்பதில்லை. எறியும் பழம் நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது. ரியூசன் காசும் இப்போது அந்தந்த மாதமே போகிறது.

வீண்விரயம் கூடாது என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தட்டில் சோற்றை மிச்சம் வைக்காதிருப்பதோடு அது முடிந்துவிடுகிறது என்று நினைத்திருந்தேன். அது தோட்டத்தில், லொறியில், கடையில், ஆய்வுகூடத்தில் எல்லாம் தொடர வேண்டியது என்று இப்போது புரிகிறது. சகோதரிகளே, அடுத்த முறை தேயிலைத் தொழிற்சாலையைக் கடக்கும்போது ஒரு கணம் நின்று அந்தப் பச்சை வாசத்தை முகர்ந்து பாருங்கள். நாம் படிக்கும் பாடம் அந்தக் காற்றிலும் இருக்கிறது.